மண் சுவர் என்று எழுதிக்கொடுத்தவர்

துரைக்கண்ணுவுக்கு நல்லது செய்கிறேன் பேர்வழி என்று நான் கெடுத்த கதை இது. செஞ்சி தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். எழுதின மனுக்களில் முக்கால்வாசி குப்பைக்குத்தான் போயிருக்கும். இதுவும் போயிருக்கலாம்.

துரைக்கண்ணு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை எடை போடுகிறவர். முதலாளி கண்ணைக் காட்டினாலும் ஒரு பலம் கூட்டிக் குறைத்துச் சொல்லமாட்டார். பிழைக்கத் தெரியாத மனுஷர் என்று ஊரே சொல்லும்.

அறுபத்துநாலில் அவர் தம்பி செல்லப்பன் வீட்டில் பங்கு கேட்டான். நாலாயிரம் பெறும் வீடு. தைக்குள் இரண்டாயிரம் கொடு, இல்லாவிட்டால் விற்றுப் பிரிப்போம் என்றான். துரைக்கண்ணுவும் மனைவி மீனம்பாளும் மூன்று பிள்ளை பெற்றதும் அதில் ஒன்றைப் பறிகொடுத்ததும் அந்த வீட்டில்தான். வீட்டைக் கடன் சங்கத்தில் அடமானம் வைத்துப் பங்கை அடைத்துவிடலாம் என்று பார்த்தார். தம்பியும் கையெழுத்துப் போடச் சம்மதித்தான். வீட்டுக்குப் போடும் மதிப்பில் பாதிதான் சங்கம் கடன் கொடுக்கும்.

மதிப்புப் போட வந்த மேற்பார்வையாளர் வாசலில் நின்றபடியே மோரைக் குடித்துவிட்டு, "மண் சுவர், நாட்டு ஓடு, ஆயிரத்து எண்ணூறு" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். உள்ளே முழுக்கக் கருங்கல். மேலே செம்மண் பூச்சு, அவ்வளவுதான்.

"இன்னாபா இது, உள்ளகூட வந்து பாக்கல" என்று துரைக்கண்ணு என்னிடம் வந்தார்.

ஆட்சேபணை மனு எழுதினேன். அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தேனா? "வாயால சொன்னா நம்பமாட்டாங்கண்ணே. பூச்சை ஒடைச்சிக் கல்லைக் காட்டு" என்றேன். மீனம்பாளுக்குப் பிடிக்கவில்லை. "மறுபடி பூசறதுக்கு இவுரா குடுக்கப்போறாரு?" என்றாள். துரைக்கண்ணு கேட்கவில்லை. முன்சுவரில் ஆள் உயரத்துக்குக் கொத்தித் தள்ளினார். உளி பட்ட கல், வரிசை வரிசையாகத் தெரிந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

இந்தத் தடவை பெரிய அதிகாரியே வந்தார். கல்லைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல வேலைப்பாடு. கல் எங்கேயிருந்து வந்தது?"

"எங்க தாத்தா ஏரிக்கரைப் பாறையில ஒடைச்சதுன்னு நைனா சொல்லுவாரு சார்."

"ரசீது இருக்கிறதா?"

தாத்தா காலத்துக் கல்லின் ரசீதுக்கு எங்கே போவது?

"கோட்டைக் கல்லாக இருந்தால் சர்க்கார் சொத்து. கல் சுவர் என்று நான் எழுதினால், மேலே கேட்டுத்தான் ஆகவேண்டும். அவர்கள் வந்து பார்த்துச் சுவரை என்ன செய்வார்களோ, எனக்குத் தெரியாது."

கோட்டை கண்ணெதிரே நிற்கிற ஊரில் இதை யோசிக்காமல் மனு எழுதின என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். "அண்ணே, பாறைக் கல்லுதான்னு அடிச்சிச் சொல்லு" என்று காதைக் கடித்தேன். "எனக்குத் தெரியாதத எப்படிபா சொல்றது?" என்றார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. மண் சுவர்தான் என்று எழுதிக்கொடுத்தால் விஷயத்தை இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். அதையும் நான்தான் எழுதினேன். கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு, மண் சுவர் என்ற காகிதத்தில் துரைக்கண்ணு கையெழுத்துப் போட்டார். மீனம்பாள் உள்ளே போய்விட்டாள்.

தொள்ளாயிரத்துக்குச் செல்லப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. மார்கழியில் அவலூர்பேட்டை அரிசி வியாபாரி ஒருவர் வந்தார். பூச்சு போன இடத்தில் கை வைத்துப் பார்த்தவர், பேரம்கூடப் பேசாமல் நாலாயிரம் என்றார்.

துரைக்கண்ணுவுக்கு மனசு கேட்கவில்லை. "கல்லு எங்கேர்ந்து வந்துதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியாதுங்க" என்றார்.

வியாபாரி சிரித்தார். "நான் இன்னா கடனா கேக்கப்போறேன்? என்னை எவன்யா வந்து கேப்பான்?"

தைக்கு முன்பே சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். நானும் ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். துரைக்கண்ணு என்னைப் பார்த்து, "வரேன்பா" என்றார். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.