பன்னிரண்டாவது துளை

வெர்னா ஹௌகன் யாரையும் லேசில் நம்பமாட்டாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. இருபத்தெட்டு வருடம் தபால் நிலையக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, "உள்ளே உடையற சாமான் ஒண்ணுமில்லை" என்று சத்தியம் செய்கிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் வேறெப்படி இருப்பாள்? பொட்டலத்தை வாங்கி ஒரு குலுக்குக் குலுக்குவாள். உள்ளே கலகலவென்று சத்தம் வரும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். ஆள் பாதியாகிவிடுவான்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பார்வை கெட்டில் ஏரியின் பக்கம் திரும்பியது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், டிசம்பர் வந்துவிட்டால் ஊரே ஏரிமேல்தான் குடியிருக்கும். ஐஸில் துளை போட்டுத் தூண்டிலை இறக்கிவிட்டு, கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து, சூப்பும் காப்பியுமாக நாள் முழுக்கப் பொய் பேசுவார்கள். பிடித்த மீனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். ஐஸின் கனத்தைப் பற்றி மட்டும் சொல்லக்கூடாது. அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ரெய்னோ சால்மியின் தூண்டில் கடைச் சுவரில் ஒரு கரும்பலகை. அளந்தவர் இடத்தையும் அங்குலத்தையும் எழுதி, கீழே தன் பெயரைப் போடவேண்டும். பெயர் இல்லாத எண்ணை ரெய்னோ சட்டைக் கையாலேயே அழித்துவிடுவார். தப்பாக இருந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியவேண்டாமா?

வெர்னாவின் தம்பி எல்ராய் ஒரு வருடம் அந்தப் பலகையைப் பார்க்காமல், "யாரோ சொன்னாங்க" என்று வண்டியை ஏரியில் இறக்கினான். வண்டி அடியில் போய்விட்டது. அவன் தப்பினான், இடது காலில் மூன்று விரல் போயிற்று. அந்த 'யாரோ' யாரென்று இன்றுவரை தெரியாது. மறுநாளே வெர்னா ஒரு டிரில்லை வாங்கினாள். தினமும் காலையில் பதினோரு இடத்தில் துளை போட்டு அளந்து, எட்டு மணிக்குத் தன் இணையப் பக்கத்தில் பெயரோடு எழுதிவிடுவாள். பதினோரு குளிர்காலமாக ஒரு நாள் விட்டதில்லை, காய்ச்சல் வந்தபோதுகூட.

இந்த ஜனவரியில்தான் விஷயம் வெளிவந்தது. மளிகைக் கடை வரிசையில் முன்னால் நின்ற ஒருத்தி, "இந்த சைட்டு பிரமாதம்க்கா, எல்லா ஏரியும் இருக்கு, பாருங்க" என்று போனை நீட்டினாள். 'ஐஸ் துணைவன்' என்று ஏதோ பெயர். கெட்டில் ஏரி, பதினோரு இடம், பதினோரு எண். அத்தனையும் வெர்னாவுடையது. கீழே, அவள் எழுதிய வரியும் அப்படியே: "ஏழாவது துளைக்குப் பக்கத்தில் என் சிவப்புக் கையுறை விழுந்துவிட்டது, பார்த்தால் எடுத்து வையுங்கள்."

வெர்னாவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. எழுதினவள் பெயர் எங்கேயும் இல்லை, கையுறை மட்டும் இருக்கிறது! திருடுகிறவன் படித்தாவது பார்த்துத் திருடக்கூடாதா? பக்கத்திலேயே தூண்டில் முள் விளம்பரம் வேறு மினுக்கிக்கொண்டிருந்தது.

தூண்டில் முள்ளைப் பார்த்ததும் அவளுக்கு மூக்கில் வியர்த்தது. இந்த ஊரில் அதை விற்கிறவர் யார்? ரெய்னோ. அவளுடைய பக்கம் வந்தபிறகு பலகையைப் பார்க்க வருகிற கூட்டம் குறைந்துபோனது என்று முணுமுணுத்தவர் யார்? ரெய்னோ. "இன்டர்நெட்டா? அந்தக் கழுதையை நான் தொடறதில்லை" என்று மார்தட்டிய மனிதர் இப்போது புதுப் போன் வைத்திருக்கிறார். போன வாரம் அவள் கடைக்குள் நுழைந்ததும் அதைச் சட்டென்று கவிழ்த்து வைத்து மேலே கையை வைத்துக்கொண்டாரே, அது எதற்கு? முகம் வேறு சிவந்தது. அந்தச் சிவப்பு அவளுக்குத் தெரியாததா? கலகலக்கிற பொட்டலத்தோடு வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சிவந்தார்கள்.

அன்றிலிருந்து கடைக்குப் போவதை நிறுத்தினாள். மூன்று வாரம். எதிரே தெருவில் பார்த்தால், தொப்பியைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலையில் எட்டுக்கு அவள் எழுதுவாள், எட்டுப் பத்துக்கு ஐஸ் துணைவனில் வந்துவிடும். ரெய்னோ கடை திறப்பதும் எட்டுக்குத்தான். போதாதா?

தளத்துக்கு மூன்று கடிதம் எழுதிப்பார்த்தாள். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று மூன்று முறை ஒரே பதில் வந்தது.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று தீர்மானித்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு துளைக்குக் கீழே பன்னிரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தாள்: "ஆர்னியின் பெஞ்ச், கழுத்துக்கு நடுவில், பதினான்கு அங்குலம்." ஆர்னி என்று யாரும் கிடையாது, பெஞ்சும் கிடையாது. கழுத்து என்பது ஏரி குறுகி, அடியில் ஓடை பாய்கிற இடம். எந்தக் குளிரிலும் அங்கே ஐஸ் கெட்டிப்படாது. ஊரில் நாய்கூட அங்கே கால் வைக்காது. ஏரி தெரிந்த ரெய்னோ திருடனாக இருந்தால் இந்த வரியைப் பார்த்ததும் சிரித்துவிட்டு நீக்கிவிடுவார். தெரியாதவன் என்றால் அப்படியே போடுவான். தன் புத்தியை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது. வெளியூர்க்காரனுக்குக் கழுத்தைப் பற்றி என்ன தெரியும் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை. அந்த ஏரிக்கரையில் பிறந்தவர்கள் யாருக்குமே அது தோன்றியிருக்காது.

எட்டுப் பத்து. பன்னிரண்டும் வந்துவிட்டது, ஆர்னியும் பெஞ்சுமாக.

அப்படியானால் ரெய்னோ இல்லை. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, வெட்கம் பிறகுதான் வந்தது. தன் பக்கத்திலிருந்து அந்த வரியை அழித்தாள். மன்னிப்புக் கேட்கிறோம் என்று சொல்லாமலே மன்னிப்புக் கேட்க, ஒரு பெட்டி டோனட் வாங்கிக்கொண்டு தூண்டில் கடைக்குப் போனாள்.

உள்ளே நுழைந்தவள் பலகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய பதினோரு எண்ணும் ரெய்னோவின் கோணல் எழுத்தில் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் 'வெர்னா ஹௌகன்', 'வெர்னா ஹௌகன்' என்று பதினோரு முறை. பன்னிரண்டாவது இல்லை.

ரெய்னோ தரையில் உட்கார்ந்து அவசர அவசரமாகப் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். தோளில் கயிறு.

"வந்தியா மகராசி? மூணு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டுப் போனியே, எந்தப் பூனை கடிச்சுது உன்னை?"

"இதெல்லாம்... நீ என் பக்கத்தைப் படிக்கிறியா?"

"தினம்தான் படிக்கிறேன். ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு ஒளிச்சுப் படிக்கிறேன், போதுமா? கெளம்பு, பேச நேரமில்லை. வெளியூர் ஆளு ஒருத்தன் வந்து தூண்டிலுக்குப் பொடிமீன் வாங்கினான். கழுத்துக்குப் போறானாம். ஆர்னி பெஞ்சாம்! கழுதை, அங்கே ஐஸ் நிக்காதுடான்னு கத்தினேன். 'போன்ல பதினாலு அங்குலம் போட்டிருக்கு, இன்னைக்கு அளந்தது'ங்கிறான். யாரு அளந்ததுன்னு கேட்டேன். 'பேரு போடலை, ஆனா பெரிய சைட்டு'ன்னுட்டு வண்டியை எடுத்துட்டான்."

வெர்னா அவருக்கு முன்னால் வாசலுக்கு ஓடினாள். டோனட் பெட்டியை எங்கே வைத்தாள் என்று பிறகு கேட்டபோதும் அவளுக்கு நினைவில்லை.

கழுத்தின் கரையில் ஒரு நீல வண்டி நின்றது. இருபது கஜத்துக்கு அப்பால், சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு ஒரு ஆள் போய்க்கொண்டிருந்தான். மின்னியாபோலிஸ் நகரத்து ஆள், பெயர் ட்ரெவர் என்பது பிறகு தெரிந்தது.

"நில்லு! அசையாதே!" என்று வெர்னா கத்தினாள்.

"பதினாலு அங்குலம் மேடம்! கவலைப்படாதீங்க!" என்று அவன் கையாட்டிவிட்டு, டிரில்லை ஊன்றினான். இரண்டே சுற்று. தண்ணீர் பொங்கி அவன் பூட்ஸை நனைத்தது. அவன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து இவர்களைப் பார்த்தான்.

"படுடா! குப்புறப் படு!" என்றார் ரெய்னோ. "கையைக் காலை விரிச்சுக்கோ. எல்லாத்தையும் விட்டுட்டுத் தவழ்ந்து வா."

அவன் தவழ்ந்தான். பாதி வழியில் ஐஸ் நீளமாக முனகியது. வலது கால் இடுப்புவரை உள்ளே போயிற்று. ரெய்னோ எறிந்த கயிற்றை அவன் பிடித்துக்கொள்ள, கிழவரும் கிழவியுமாகக் குதிகாலை மண்ணில் ஊன்றி இழுத்தார்கள். "விடாதே கண்ணு, விடாதே, விடாதே" என்று வெர்னா அழுதுகொண்டே இழுத்தாள். கரைக்கு வந்தான். டிரில் போய்விட்டது.

ரெய்னோவின் வண்டியில் ஹீட்டரை முழுதாக வைத்து, போர்வையைச் சுற்றி உட்காரவைத்தார்கள். பல் கிட்டிப்போயிருந்தவன், பேச்சு வந்ததும், "எவன் எழுதினான் இதை? என் பொண்ணுக்கு நாலு வயசுங்க. எவன்னு மட்டும் தெரியட்டும்" என்றான்.

காலையில் வெர்னாவின் பக்கத்தில் ரெய்னோவும் அந்த வரியைப் படித்தவர்தான். ஏதோ கிறுக்குத்தனம் என்று பலகையில் போடாமல் விட்டவர். இப்போது கண்ணாடிக்கு வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லப்போவதில்லை என்று வெர்னாவுக்குப் புரிந்தது. அவளுடைய பக்கத்தில் அந்த வரி இல்லை. இருக்கிற இடத்தில் அவள் பெயர் இல்லை. இந்தப் பையன் ஆயுசுக்கும் ஒரு 'யாரோ'வைத் திட்டிக்கொண்டிருப்பான், எல்ராய் திட்டுகிற மாதிரி.

"நான்தான்" என்றாள்.

"என்ன?"

"வெர்னா ஹௌகன். அங்கே யாரும் அளக்கவே இல்லை. திருடனைப் பிடிக்கணும்னு பொய்யா எழுதினேன். அவன் நகல் எடுத்தான், நீ அதை நம்பிட்டே."

அவன் நனைந்த போனைத் துடைத்து, தேடிப் பார்த்தான். "இதுல உங்க பேரே இல்லையே."

"எழுதினது நான்தான்" என்றாள் மறுபடியும்.

அவன் அவளை வெகுநேரம் பார்த்தான். தபால் கவுண்டரில் அவள் எத்தனையோ பேரைப் பார்த்த பார்வை அது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஐஸ் துணைவனில் ஆர்னியின் பெஞ்ச் அன்று முழுக்க இருந்தது. யாரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வது? மறுநாள் காலை எட்டு மணிக்கு வெர்னா பதினோரு எண்ணுக்கும் மேலே எழுதினாள்: "பன்னிரண்டாவது துளை கிடையாது. கழுத்தில் இரண்டு அங்குலம்தான் இருக்கிறது, யாரும் போகாதீர்கள். நேற்று எழுதியது பொய். எழுதியது வெர்னா ஹௌகன். அதனால் ஒருவருடைய உயிரே போயிருக்கும்."

பிறகு அவள் கடைக்குப் போக, ரெய்னோவின் போனுக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். எட்டுப் பத்துக்கு ஐஸ் துணைவன் மாறியது. ஒரு எழுத்து விடாமல் முழுதும் வந்திருந்தது.

"பாரு," என்றார் ரெய்னோ மெதுவாக, "உன் பேரைப் போட்டுட்டானுங்க."