ஆகட்டும் என்று சொல்லாத ஒருவர்

எங்கள் யார்க்‌ஷயர் மலைப்பக்கத்தில் தபால் கொண்டுபோகும் ஹெஸ்டரை நல்லவள் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கோ அந்த நல்லதனத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவளை விட்டால் குவேக்கர் என்ற எங்கள் சின்னக் கிறிஸ்தவக் கூட்டத்துக்கு எழுத்தர் வேலை பார்க்க ஆள் கிடையாது.

எங்களுக்குப் பாதிரியார் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. பேசாமல் உட்கார்ந்திருப்போம், உள்ளே தோன்றியவர் எழுந்து பேசுவார். கூட்டத்தின் மனம் எந்தப் பக்கம் என்று எழுத்தர் கணித்து, அங்கேயே எழுதி வாசிப்பார். எல்லாரும் "ஆகட்டும்" என்றால் முடிந்தது. ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றாலும் காத்திருப்போம். எழுத்தர் மட்டும் தன் கருத்தைச் சொல்லக் கூடாது.

எனிட்டும் தெல்மாவும் நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியவர்கள். பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுத்ததும், பதிவு அலுவலகத்தில் சட்டென்று முடித்துக்கொள்ளுங்கள் என்றேன். எனிட் முறைத்தாள்.

"கடவுள் முன்னாடி நடக்காதது எனக்குக் கல்யாணமே இல்ல. போய் உன் வேலயப் பாரு."

அப்போதே அவளுக்கு நுரையீரல் பாதி போய்விட்டிருந்தது.

கல்யாணத்தைக் கூட்டத்திலேயே நடத்தித் தரும்படி இருவரும் கேட்டார்கள். ஒருவர் தவிர எல்லாரும் மனதார ஆதரித்தோம். அந்த ஒருவர் ஆம்ப்ரோஸ், ஆட்டுப்பண்ணைக்காரர், தெல்மாவின் கூடப்பிறந்த அண்ணன். "தங்கச்சி மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா சரின்னு என் மனசு சொல்லல," என்றார். விஷயம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.

அடுத்த மாதம் அவர் வாயே திறக்கவில்லை. ஹெஸ்டர் சம்மதம் என்று எழுதி வாசித்தாள். "ஆகட்டும்" என்று எல்லாரும் சொன்னோம். ஆம்ப்ரோஸின் உதடு அசையவில்லை. ஹெஸ்டர் அதைப் பார்த்தாள். பார்த்தும் பேனாவை மூடிவிட்டாள். எனிட் இருமிக்கொண்டே சிரித்தாள். கல்யாண நாளும் குறித்தாயிற்று.

நானாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். ஹெஸ்டருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. தபால் பையோடு ஆட்டுப்பட்டிக்கே போய் நின்றாளாம். எங்களுக்குள் பெரியவர் சின்னவர் கிடையாது, எல்லாரையும் பெயர் சொல்லித்தான் பேசுவோம்.

"ஆம்ப்ரோஸ், நீ ஆகட்டும்னு சொன்னியா?"

"இல்ல."

"அப்ப ஏன் தடுக்கல?"

"நீதான் என்னைப் பாத்தியே. பாத்துட்டுதானே எழுதின?"

அன்றே ஹெஸ்டர் தெல்மா வீட்டுக்கு வந்து, அந்தத் தீர்மானம் செல்லாது, மறுபடி கூட்டத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"அடுத்த மாசம் வரைக்கும் அவ தாங்குவாளா?" தெல்மா கத்தினாள். "உன் மனசு சுத்தமா இருக்கணும்னு எங்க கல்யாணத்தப் பலி கொடுக்கணுமா?"

"பொய்ய வச்சு உங்களுக்குக் கல்யாணம் செஞ்சு வைக்க என்னால முடியாது, தெல்மா."

"போடி, நீயும் உன் உண்மையும்!"

உள்ளறையிலிருந்து எனிட்டின் குரல் வந்தது. "அவ சொல்றது சரிதான்." தெல்மா உட்கார்ந்து அழுதாள். எனக்கு ஹெஸ்டரை அறையலாம் போல இருந்தது.

அடுத்த கூட்டத்தில் ஹெஸ்டர் எழுத்தர் மேசையை விட்டு எழுந்து எங்களோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பிறகு முதல்முறையாகத் தன் கருத்தைச் சொன்னாள். "கடவுள் இவங்களை எப்பவோ சேத்து வச்சுட்டார். நாம சாட்சி மட்டுந்தான்."

ஆம்ப்ரோஸ் எழுந்தார். "என் மனசு இன்னும் மாறல. ஆனா குறுக்க நிக்க மாட்டேன். நீங்க நடத்துங்க." எங்கள் வழக்கத்தில் அது போதும்.

பூவுக்குச் சொல்லி வைத்தோம், கேக்குக்கும் சொன்னோம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் எனிட் போய்விட்டாள்.

மரணத்தைப் பதிவு செய்யத் தெல்மாவுக்குத் துணையாக ஹெஸ்டர் வந்தாள். நான் வண்டி ஓட்டினேன். பதிவு அலுவலகப் பெண் இதமாகத்தான் கேட்டாள். "இறந்தவங்களுக்கு நீங்க என்ன உறவும்மா?"

தெல்மா ஹெஸ்டரைப் பார்த்தாள். "நீ சொல்லு. உண்மையச் சொல்லு."

"கல்யாணம் ஆகல," என்றாள் ஹெஸ்டர்.

"சரி, சாகும்போது பக்கத்துல இருந்தவங்கன்னு போட்டுக்கறேன்," என்று சொல்லி அந்தப் பெண் தட்டச்சு செய்தாள்.