ஒட்டகத்தின் இரண்டாவது கூரை

11.4.1987 — அலுமினியத் தகடு, இரண்டு — 340
13.4.1987 — கிளாம்ப் எட்டு, ரப்பர் துண்டுகளுடன் — 96
15.4.1987 — வெள்ளை பெயின்ட், பிரஷ் — 58
16.4.1987 — வெல்டர் கூலி — 120
மொத்தம் — 614

இவ்வளவும் என் தங்கையின் கணவர் தம் கையிலிருந்து போட்டது. வண்டி அலுவலகத்துடையது. அதன் இரண்டாவது கூரை மட்டும் அவருடையது.

நிலத்தடி நீர் தேடும் அலுவலகத்தில் அவர் ஜீப் ஓட்டினார். நான் அங்கே வண்டிப் பதிவேடு எழுதினேன். இருபத்தாறு வருடம் பாறையிலும் மணலிலும் ஓட்டியவர். ஒரு பாட்டில் தண்ணீரில் ஒரு பகலைத் தள்ளிவிடுவார் என்பதால் ஒட்டகம் என்று பெயர் விழுந்தது.

22.3.1987 பிற்பகல் 2.40க்கு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே மயங்கினார். வண்டி ஒரு முள்மரத்தில் மோதி நின்றது. பக்கத்தில் இருந்த சர்வேயருக்கு உதடு கிழிந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"இன்னொரு தடவை மயங்கினா, லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லி எழுதிடுவேன்."

அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. ஓய்வுக்கு ஏழு வருடம் இருந்தது. வேறு வேலை தெரியாது.

"ஒட்டகமே விழுந்துட்டா, கழுதைங்க நாங்க என்ன ஆவோம்?" என்றார் வெல்டர்.

"கழுதை தலைக்கு மேல தகரம் கிடையாதேய்யா. அது பிழைச்சுக்கும்" என்றார் மாப்பிள்ளை.

தகரம்தான் விஷயம். அந்த ஜீப்பின் கூரை வெறும் இரும்புத் தகடு. அவர் தலை உயரத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டேன். வண்டி ஓடும்போது தினமும் பிற்பகல் இரண்டு மணிக்கு சர்வேயர் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். 54. உட்புறம் ஸ்பாஞ்ச் ஒட்டிப் பார்த்தோம். 51. பசை உருகி அவர் தலைமயிரில் சொட்டியது.

பிறகுதான் மேலே இன்னொரு கூரை. மழைநீர் வடியும் விளிம்பில் எட்டு கிளாம்ப் போட்டு, பழைய கூரைக்கு மூன்று விரல் மேலே தகடு நின்றது. வண்டியில் ஒரு துளைகூடப் போடவில்லை. மேல்புறம் வெள்ளை அடித்தோம். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று வெல்டர் முன்பக்க இடைவெளியை மடித்து மூடிவிட்டார். 49.

"மூக்கை அடைச்சுட்டு மூச்சு விடச் சொன்னா எப்படிய்யா விடும்?" என்று மாப்பிள்ளையே மடிப்பை வெட்டித் திறந்தார். இரண்டு தகடுகளுக்கும் நடுவே காற்று ஓடியது. 44. அன்று வெளியே நிழலில் 43.

"யாரோ குடை பிடிச்சுக்கிட்டே கூட வர்ற மாதிரி இருக்கு மச்சான்" என்றார்.

மற்ற ஆறு ஜீப்புகளுக்கும் இதைப் போடலாம் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதும் யோசனை என்னுடையது. வண்டியில் எதை மாற்றினாலும் முன் அனுமதி வேண்டும் என்பது விதி. நாங்கள் கேட்டிருக்கவில்லை. விண்ணப்பத்தோடு என் அட்டவணையையும் வைத்தேன், பன்னிரண்டு பக்கம்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். "முதல்ல பர்மிஷன் மட்டும் கேளுங்க. வந்ததுக்கப்புறம் தேதியைப் போட்டுக்கலாம்."

"மாட்டினது பதினாறாம் தேதி மாப்பிள்ளை."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சா போதாதா?"

"அண்ணன் நம்ம கல்யாணப் பத்திரிகையிலயே பிழை திருத்தினவரு. அவர்கிட்ட போய்க் கேக்கறீங்களே" என்றாள் தங்கை.

அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். 22.4.1987 அன்று அனுப்பினேன். எல்லாத் தேதிகளும் சரியாக இருந்தன.

6.5.1987 பதில் வந்தது. வெப்பத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அனுமதியின்றி அலுவலக வண்டியை மாற்றியதை இணைப்பிலுள்ள அட்டவணையே காட்டுகிறது, கூரையை அகற்றவும், டிரைவர் தெற்கு முகாமுக்கு மாற்றப்படுகிறார். எட்டு கிளாம்பையும் அவரே கழற்றினார். அதற்கு நாற்பது நிமிடம் ஆனது. அதையும் எழுதினேன்.

தகட்டைத் தங்கை வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் நான்கு செங்கல் வைத்துப் போட்டோம்.

"தொட்டித் தண்ணி சில்லுன்னு இருக்கு அண்ணே" என்றாள். நான் தலையாட்டினேன்.

தெற்கு முகாமில் அவருக்குக் கொடுத்தது வெறும் தகரக் கூரை ஜீப். 2.6.1987 பிற்பகல் 3.10க்கு மறுபடி மயங்கினார். வண்டி காய்ந்த ஓடையில் இறங்கி நின்றது. யாருக்கும் அடி இல்லை. அங்கிருந்த டாக்டரும் எழுதினார். 8.6.1987 லைசென்ஸ் ரத்தானது. அடுத்த நாள் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார்.

அதன்பின் ஏழு வருடம் உதிரிபாகக் கிடங்கில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தார். வண்டியில் போக நேர்ந்தால் பின்சீட்டில் உட்காருவார். கூரையைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அவர் முகாமிலிருந்து எழுதிய கடைசிக் கடிதம், அவர் வீடு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. 30.5.1987 என்று தேதி போட்டிருந்தார். அவர் தொட்டியருகே முகம் கழுவிக்கொண்டிருக்க, நான் வாசலில் நின்று படித்தேன்.

"மச்சான், இங்க உள்ளே 56. முகாம் அதிகாரி நல்ல மனுஷன், கூரையைக் கொண்டுவந்து மாட்டிக்கோன்னு சொல்லிட்டார். தொட்டி மேல கிடக்கறதை லாரியில போட்டு விடுங்க. கிளாம்ப் எட்டும் சமையலறை அலமாரியில இருக்கு. இந்தத் தடவை எங்கேயும் எழுதி வைக்காதீங்க."

முகத்தைத் துடைத்தபடி வந்தவர் கையெழுத்தைப் பார்த்தார். "நான் போட்டதுதான். இப்பதான் வருதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

உறையின்மேல் கடிதம் வந்த தேதியைக் குறித்தேன்: 11.6.1987.