வலிக்கும் நேரத்து முகம்

ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் அந்தக் குழந்தைகள் பல் மருத்துவமனையில் பூபதிக்கு என்ன வேலை என்று கேட்டால், பொய் சொல்கிற வேலை என்பார் டாக்டர் ஜீவானந்தம். அதில் பாதி உண்மை. பல் பிடுங்க வரும் பிள்ளையின் கண்ணில் வி.ஆர். கண்ணாடியை மாட்டி, அதைக் கடலுக்கடியில் கொண்டுபோய் விட வேண்டும். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைப்பான். மறு காது பூபதிக்கு உரியது. டாக்டர் ஊசியைக் கையில் எடுத்ததும் அவன் முழங்கையை லேசாக இடிப்பார். "அந்தா பாரு சாமி, ஆமை வாயத் தொறக்குது. நீயும் தொற, யாரு பெருசாத் தொறக்கறீங்கன்னு பாக்கலாம்" என்பான் பூபதி. பிள்ளை ஆமையை ஜெயித்து முடிப்பதற்குள் ஊசி போட்டாகிவிடும்.

நாமகிரிப்பேட்டைக்காரன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே போர்வெல் ரிக் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் ஓடியவன். இரும்புக் குழாய் தூக்கித் தூக்கி முதுகு ஜவ்வு விலகிப்போனதும் ஊர் திரும்பினான். பாறையைத் துளைத்தவன் பல்லைத் துளைக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தான். "துளைக்கிற பிட்டு சின்னதாயிருச்சுங்க, சத்தம் அதேதான்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். ஆறடி உயரமும் கிடா மீசையுமாக இருக்கும் ஒருவனிடம் பிள்ளைகள் ஒட்டிக்கொள்வது பெற்றோருக்கு விளங்கவில்லை. அதைவிட விளங்காதது, அவன் சொந்த மகள் அவனிடம் ஒட்டாதது.

கனிஷ்காவுக்கு ஐந்து வயது. அப்பா ஊர் திரும்பி ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் போய்விட்டன. அவன் வாசலில் நுழைந்தால் அவள் புழக்கடைக்குப் போய்விடுவாள். எதிரில் உட்கார்ந்தால் இரண்டு காதுகளையும் பொத்திக்கொள்வாள். ரிக் சத்தத்தில் கத்திக் கத்திப் பழகிய தன் குரல்தான் பிள்ளையை மிரட்டுகிறது என்று முடிவுகட்டி, பூபதி வீட்டில் கிசுகிசுப்பாகப் பேசத் தொடங்கினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவனுக்குத் தொண்டையில் ஏதோ ஆபரேஷன் என்று நினைத்தார்கள்.

அவனுக்குப் புரியாதது இதுதான். ரிக்கில் இருந்த காலத்தில் அவன் முகம் பார்த்தால் அழுகையை நிறுத்துகிற பிள்ளை அவள். மனைவி சத்யபிரியா வீடியோ கால் போட்டுப் போனை நீட்டுவாள். அவன் ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு காக்காய் மாதிரிக் கத்துவான். பின்னால் ரிக்கு ஆட்கள் எல்லோரும் கை தட்டுவார்கள். கனிஷ்கா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வெளிமாநிலம் போன ரிக்குக்காரர்கள் வீடுகளில் அப்பா என்பவர் பெரும்பாலும் அந்த அளவில்தான் இருப்பார், உள்ளங்கைக்குள் அடங்குவார். ஆனாலும் அவசரமென்று கூப்பிட்டால் வருவார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் சத்யபிரியா சொன்னாள், "ஏனுங்க, பாப்பாவுக்குக் கடவாப் பல்லுல ஓட்டை உளுந்திருக்குது. ராத்திரி தூங்கறதே இல்ல. உங்க ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வாரேன்."

மகளுக்குப் பல் சொத்தை என்று கேட்டு மகிழ்ந்த தகப்பன் அந்த வட்டாரத்தில் அவன் ஒருவனாகத்தான் இருக்கும். ஊரான் பிள்ளைகளெல்லாம் அவன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்கும் இடம் அது. அங்கே தன் பிள்ளை மட்டும் எப்படி விலகிப் போகும்? அன்று மீசையைக்கூடக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போனான்.

கனிஷ்கா நாற்காலியில் சமர்த்தாக ஏறி உட்கார்ந்தாள். உதவியாளர் சௌமியா கழுத்தில் துண்டு கட்டினாள். மேலே எரியும் விளக்கைப் பார்த்து, "இது எப்பிடி மடங்குது?" என்று கனிஷ்கா கேட்டாள். டாக்டர் மடக்கிக் காட்டினார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பூபதி கண்ணாடியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். முதுகு வலியோடு மண்டியிட்டு, தன் முகத்தை அவள் முகத்துக்கு நேராக வைத்து, பழையபடி காக்காய் மாதிரி ஒரு தரம் கத்தினான். சன்னமாகத்தான்.

கனிஷ்கா அழவில்லை. காதுகள் இரண்டையும் பொத்தினாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக ஒரு கையை எடுத்துத் தொடையை மூடிக்கொண்டாள்.

"எங்க குத்துவீங்க?" என்று சௌமியாவைக் கேட்டாள்.

"யாரும் குத்தலையே பாப்பா."

"அப்பா வந்துட்டாருல்ல."



தடுப்பூசிக்குத் தூக்கிப் போன ஒவ்வொரு முறையும் நர்சம்மா தொடையில் குத்தும் வரை போனில் அப்பா இருந்தார். குலதெய்வக் கோயிலில் மொட்டைக்குக் கத்தி தலையில் ஏறும்போது அப்பா இருந்தார். தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தியபோது, ஒரு காது முடிந்து அவள் வீறிட்டதும், "இந்தா அப்பா பாரு, அப்பா பாரு" என்று போனை மறுபடி நீட்டி மறு காதையும் குத்தினார்கள். சும்மா இருக்கிற நாளில் கூப்பிடலாம் என்றால் அவன் வேலையில் இருப்பான், அவன் போனுக்கு அங்கே டவரும் கிடைக்காது. அவசரம் என்றால்தான் மேனேஜர் தன் போனைத் தருவார். பிள்ளைக்கு வலிக்கப்போகும் நேரம்தான் அவர்கள் வீட்டில் அவசரம்.

பூபதி எழுந்தான். இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே டாக்டர் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. பிள்ளை வீட்டில் ஆசையாகப் பார்க்கிற படத்தை இங்கே போடக்கூடாது, ஊசிக்குப் பிறகு வீட்டிலும் அந்தப் படம் ஓடினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அதை எத்தனையோ தாய்மாருக்கு அவன் விளக்கியிருக்கிறான்.

"பூபதி, நீ கொஞ்சம்..." என்று டாக்டர் தொடங்கினார்.

"சரிங்க சார்." கண்ணாடியைச் சௌமியாவிடம் கொடுத்தான். "ஆமை வேண்டாம் சௌமியா. மீனுப் படத்தப் போடு. மெதுவா மாட்டு, காதுல படாம."

வெளியே வந்து கதவை ஒட்டி நின்றான். சத்யபிரியாவும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"நானுந்தானுங்க போனை நீட்டுனேன்" என்றாள்.

"நீ என்ன பண்ணுவ. புள்ளை அழுவாம இருந்துச்சுல்ல."

உள்ளே சௌமியா ஏதோ சொல்ல, கனிஷ்கா சிரித்தாள். மகள் சிரித்து, அதைப் போன் இல்லாமல் அவன் கேட்டது அப்போதுதான். பல் அரைக்கும் சத்தம் தொடங்கி, ஓய்ந்து, மறுபடி தொடங்கியது. அழுகை வரவே இல்லை. வெளியே வந்த டாக்டர், "தைரியசாலிப்பா உம் பொண்ணு. ஒரு தொந்தரவும் இல்ல" என்றார். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். பூபதியின் தோளைத் தட்டிவிட்டு, அரை நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ராசிபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் தாயும் மகளும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். பூபதி அவர்களுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தான்.

"முன்னால வந்து ஒக்காருங்க" என்றாள் சத்யபிரியா.

"இருக்கட்டும். ஊசி போட்ட மரப்பு இன்னும் விடல. ஒதட்டக் கடிக்கப் போவுது, பாத்துக்க. கடிச்சாத் தெரியாது, மரப்பு விட்டப்புறம் ரணமாயிரும்."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவள் பல இரவு விழித்தவள். மல்லூர் வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. கனிஷ்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, தன்னுடையது போலவே இல்லாத அந்தக் கீழுதட்டை விரலால் இழுத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே இழுத்து மெல்லத் தொடங்கினாள்.

பூபதிக்கு வாய்வரை வந்த பேச்சு நின்றது. எழுந்து முன்னால் போனால் அவள் தன்னைப் பார்ப்பாள். பார்த்தால் இன்னும் எங்கே குத்தப்போகிறார்கள் என்று தேடுவாள். ஜன்னலுக்கும் சீட்டுக்கும் நடுவிலிருந்த சந்தில் கையை விட்டு, மெதுவாக அவள் தாடையைத் தொட்டு, உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் ஆள்காட்டி விரலை வைத்தான்.

கனிஷ்கா அந்த விரலைக் கடித்தாள். அம்மாவின் கை என்று நினைத்தாளோ என்னவோ, திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே மரவள்ளிக் காடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நன்றாக அழுத்திக் கடித்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று பூபதி முகத்தை முன்சீட்டின் முதுகுக்குக் கீழே தாழ்த்தி வைத்துக்கொண்டான். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. கண்டக்டர் வந்து, "என்னுங்க, வாந்தி வருதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான்.