உறையில்லாச் சட்டைகள்

யுத்த காலத்தில் திருகோணமலையில் ஒரு சின்னத் தையல் தொழிற்சாலையில் பொதியிடும் பகுதிக்கு நான் பொறுப்பு. பகுதி என்றால் ஒரு மேசை, ஒரு கத்தரிக்கோல், நான். கொழும்பிலிருந்து வரவேண்டிய பொலித்தீன் உறைகள் வழியில் எங்கோ நின்றுவிட்டன. நோன்புப் பெருநாளுக்கு முன் மூதூர்க் கடைக்காரருக்குச் சட்டைகள் போய்ச் சேராவிட்டால் அவர் எங்களைக் கைவிட்டுவிடுவார். எங்களுக்கோ அவரைத் தவிர வேறு ஆளில்லை.

குப்பைக்குப் போகும் வெட்டுத்துண்டுகளை ஒட்டுப்போட்டு உறை தைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். உலகத்தைக் காப்பாற்றிவிட்ட முகத்தோடு திரிந்தேன். இறங்குதுறைச் சோதனைச் சாவடியில் அந்த முகம் கழன்றது. உள்ளே இருப்பது வெளியே தெரியாத பொதியை மூதூர் போகும் லோஞ்ச் படகில் ஏற்றக்கூடாதாம். அத்தனையும் திரும்பி வந்தன. உறையில்லாமல் அடுக்கி ஏற்றலாம்தான், ஆனால் லோஞ்சில் மீன் கூடைகளுக்கு நடுவில்தான் இடம் கிடைக்கும்.

தையல் பகுதி அக்கா என் உறையொன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தெரியோணும், அவ்வளவுதானே தம்பி? மூதூருக்குப் போற ஆக்களுக்குப் போட்டு அனுப்புங்கோ. தான் போட்டிருக்கிற சட்டையை ஆரும் மீன் கூடையில வைக்கமாட்டினம்.”

எனக்கு அதைவிட நல்ல யோசனை இருக்கவில்லை. தெரிந்த பயணிகளாகப் பிடித்து ஆளுக்கொன்று மாட்டிவிட்டோம், கடையில் கழற்றிக் கொடுப்பதாகப் பேச்சு. நானும் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். எல்லாம் ஒரே நீலக் கட்டத் துணி என்பது சாவடி வரிசையில் நின்ற பிறகுதான் உறைத்தது.

சிப்பாய் எங்களை மேலும் கீழும் பார்த்தான்.

“எல்லாம் ஒரே சட்டை. என்ன இயக்கம்?”

எங்கள் சட்டையோடு பின்னால் நின்ற நெல் வியாபாரி வாய் திறந்தார். “இயக்கமில்லை சேர். காமன்ட். உடுப்புத் தைக்கிற இடம்.”

சிப்பாய் என் கொலரைத் திருப்பித் தையலைப் பார்த்தான். தன் அளவில் இருக்கிறதா என்று கேட்டான். நான் போட்டிருந்ததே அவன் அளவு. கழற்றிக் கொடுத்தேன். எல்லாரையும் போகவிட்டான்.

மூதூரில் கடைக்காரர் ஒவ்வொரு சட்டையையும் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். ஆனாலும் எடுத்துக்கொண்டார், தோய்த்துக் கொடியில் போட ஆள் விட்டார். அடுத்த பெருநாளுக்கும் எங்களிடமே வாங்குவதாகச் சொன்னார். திரும்பிப் போக ஒரு சட்டை தரமுடியுமா என்று கேட்டேன்.

“பெருநாள் முடியட்டும் தம்பி. இப்ப எல்லாம் விக்கிற சரக்கு.”

வெற்றுடம்போடு லோஞ்ச் ஏறினேன். அன்று மாலை சாவடியில் தடவிப் பார்க்காமல் விட்டது என்னை மட்டும்தான்.