முடிச்சு அவிழாத பட்டி

நான் ஏமாற்றினேன். அதைக் கண்டுகொண்ட தோழியைப் பொய்க்காரி ஆக்கினேன். இரண்டாவதுதான் பெரிய குற்றம்... ஆனாலும் முதலாவதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்காபரோவில் நான் படித்த கல்லூரியில் பெண்களுக்கென்று முதன்முதலாக ஃபிளாக் ஃபுட்போல் அணி அமைத்தார்கள். முட்டை வடிவப் பந்தை ஏந்தியபடி எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடவேண்டும். எதிராளி உங்களைத் தள்ளி விழுத்தக் கூடாது. உங்கள் இடுப்புப் பட்டியில் தொங்கும் நாடாவைப் பிடித்திழுப்பாள். பட்டி கழன்றால் உங்கள் ஓட்டம் முடிந்தது. இந்த விளையாட்டு அப்போது எல்லாக் கல்லூரிகளுக்குமே புதிது. எங்களில் பலர் அந்தப் பந்தை அதற்குமுன் தொட்டதுகூட இல்லை.

என்னை அணிக்கு இழுத்து வந்தவள் றெஜினா. மன்னாரிலிருந்து வந்த குடும்பம், வெக்ஸ்போர்ட்டில் வீடு. அவள் எறிவாள், நான் ஓடி வாங்குவேன். "தர்ஷி, நீ திரும்பிப் பாக்காத. ஓடு. பந்து உன்ர கைக்கு வரும்" என்பாள். வரும்!

ஆனாலும் தோற்றோம். அந்தப் பருவம் முழுவதும் தோற்றோம். கடைசி ஆட்டத்துக்கு முன்பு பயிற்றுநர் எங்களைக் கூட்டிவைத்து, அடுத்த வருடம் அணி இருக்குமா என்பதே சந்தேகம் என்றார். அன்றைக்கென்று ரூஜில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து என் அம்மாவும் வந்திருந்தார், குளிருக்கு இரண்டு சால்வை போர்த்திக்கொண்டு.

முதற்பாதியில் கோட்டுக்கு ஓரடி முன்பாக என் பட்டியை உருவினார்கள். மீண்டும் ஓடினேன், மீண்டும் உருவினார்கள். இடைவேளையில் கழிவறைக்குப் போய், பட்டியின் கொளுவியை மாட்டியபின், இழுத்தாலும் கழலாதபடி அதன் நுனியை இறுக்கி முடிச்சுப் போட்டேன். சட்டையை இழுத்து அதன்மேல் விட்டேன். தயங்கினேனா? இல்லை! அதை நினைக்கத்தான் இன்று எனக்குக் கூசுகிறது.

ஆட்டம் முடியும் தறுவாயில் றெஜினாவின் பந்து கைக்கு வந்தது. ஓடினேன். எதிரணிப் பெண்ணொருத்தி பாய்ந்து என் நாடாவைப் பிடித்தாள். பட்டி கழலவில்லை. அவளுடைய விரல்கள் அதற்குள் சிக்க, நான் அவளை இழுத்துக்கொண்டே ஓடிக் கோட்டைத் தாண்டினேன். பின்னால் ஓர் அலறல்... அவள் புல்லில் உருண்டாள். அவளது விரலொன்று இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

நடுவர்கள் அவளிடம் ஓடினார்கள். என் பட்டியைச் சோதிக்க எவருக்கும் நினைவில்லை. சட்டைக்குக் கீழே கைவிட்டு முடிச்சை அவிழ்த்தேன். நிமிர்ந்தபோது, என்னைக் கட்டிப்பிடிக்க ஓடிவந்த றெஜினா அப்படியே நின்றுவிட்டிருந்தாள். அவள் பார்வை என் கைகளில் இருந்தது.

நாங்கள் வென்றோம். அந்தப் பருவத்தின் ஒரே வெற்றி!

உடை மாற்றும் அறையில் அவள் மெதுவாகக் கேட்டாள்: "நீ முடிச்சுப் போட்டிருந்தனீ, என்ன? நீயே போய்ச் சொல்லு. நானும் கூட வாறன்."

"உனக்கென்ன விசரே? நான் ஒண்டும் செய்யேல்லை!"

அவள் சில நாட்கள் காத்திருந்தாள். பிறகு பயிற்றுநரிடம் தானே சொன்னாள். என்னை அழைத்துக் கேட்டார்கள். நான் அழுதேன். என் பெயர் எல்லோர் வாயிலும் அடிபடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை என்றேன். அழுகை உண்மையானது, பயத்தில் வந்தது. எல்லோரும் அழுகையை நம்பினார்கள். "அந்தப் பிள்ளைக்கு ஏன் உவ்வளவு எரிச்சல்?" என்றார் அம்மா. நான் சோற்றைப் பிசைந்தேன்.

குளிர்காலப் பயிற்சி உள்ளரங்கில் நடந்தது. றெஜினா எறிந்த பந்தை வாங்க ஒருத்தியும் ஓடவில்லை. பந்து தரையில் விழுந்து சுவரோரம் உருண்டது. அவளே போய் எடுத்துவந்து மறுபடி எறிந்தாள். மறுபடியும் விழுந்தது. நானும் ஓடவில்லை... கேட்கிறீர்களா? நானும் ஓடவில்லை! அடுத்த வாரம் அவள் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அணி நிலைத்தது. பல வருடங்களுக்குப் பிறகு, போன மாதம், அணியில் புதிதாகச் சேர்ந்த பெண்களோடு பேச வரும்படி என்னை அழைத்தார்கள். அதே வாரம் அஜக்ஸ் போகும் ரயிலில் றெஜினாவைக் கண்டேன். மடியில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இடமிருந்தது, உட்கார்ந்தேன். வேலை, வீடு என்று ஏதேதோ பேசினோம். அவள் இறங்க எழுந்தபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"றெஜி, அண்டைக்கு..."

"நீ சொல்லுவாய் எண்டு கனகாலம் பாத்துக்கொண்டிருந்தனான்," என்றாள். குரலில் கோபமே இல்லை. "இப்ப பாக்கிறேல்லை."

கதவு மூடிக்கொண்டது.

நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். கல்லூரிக்குப் போய் அந்தப் பெண்களிடம் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதானே? அந்த எண்ணத்தோடுதான் போனேன். முன்வரிசையில் இருந்த ஒருத்தி, கண்கள் விரிய, அந்த ஓட்டத்தைப் பற்றிக் கேட்டாள்.

"திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்" என்றேன்.

கைதட்டினார்கள்.