நாலு மில்லிமீட்டர்

அவளுக்கு அறுபத்தெட்டு வயது. பெயர் சொல்லிக் கூப்பிடுவார் யாரும் இல்லை, எல்லோருக்கும் அவள் ஸ்கேல் அக்கா. விமானப் பணிமனையில் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்குப் படம் வரைந்தே முப்பது வருடம் ஓட்டியவள். ஒரு திருகாணியைக்கூட உத்தேசமாக வரைந்ததில்லை. பெண் பார்க்க வந்தவனுக்கு இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இல்லை என்று தட்டிக்கழித்துவிட்டாள் என்பான் தம்பி. உண்மைக் காரணம் வேறு. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. கடைசி ஏழு வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைத்தாள்.

அம்மாவுக்கு மறதி எண்களில்தான் தொடங்கியது. முதலில் தேதி போனது, பிறகு மாடிப்படிகளின் கணக்கு, பிறகு பெற்ற பிள்ளைகள் எத்தனை என்பது. அம்மா இறந்த வாரமே கீழ்வீட்டில் இருக்கும் தம்பியிடம் அக்கா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். அளவில் தொடர்ந்து மூன்று முறை நான் பிசகினால் கையிலிருந்து தூரிகையைப் பிடுங்கு, காப்பகத்தில் சேர், அழுதாலும் காதில் வாங்காதே. தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

ஒலியை முந்திக்கொண்டு ஆட்களைச் சுமந்து பறந்த வெள்ளை விமானம் ஓய்வு பெற்ற பிறகு, அதில் வேலை பார்த்தவர்கள் சங்கம் வைத்தார்கள். வருடத்துக்கு ஒரு நினைவு ஓவியம். அதன் அச்சுப் பிரதிகளில் பழைய விமானிகள் கையெழுத்துப் போடுவார்கள். வரைவது அக்கா. அந்த விமானத்தில் உட்கார்ந்து என்ஜின்களைக் கவனித்துக்கொண்டிருந்த கிழவர் வந்து பார்த்துச் சரி சொன்னால்தான் படம் அச்சுக்குப் போகும்.

இந்த முறை அவர் சொல்லவில்லை. மூக்கிலிருந்து வால் வரை மெதுவாகப் பார்த்தார்.

“இது நிக்கிற விமானம்மா.”

“மேகத்துக்கு மேல பறக்குதே, கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

“பறக்கிறது தெரியுது. நீளம் நிக்கிற நீளம். கொட்டகையில அளந்த கணக்கை வெச்சுப் போட்டுட்ட.”

முழு வேகத்தில் போகும்போது உடம்பு சூடேறி விமானம் ஒரு சாண் நீண்டுவிடும் என்று விளக்கினார். படத்தில் எல்லாம் ஐம்பதில் ஒரு பங்கு, ஆகவே நாலு மில்லிமீட்டர் குறைகிறது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று அக்கா கேட்டதற்கு, அது பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எது என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை காலை, தன் கோட்டில் பிசகில்லை என்று உறுதி செய்துகொள்ள இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தாள். ஆயிரத்து இருநூற்று நாற்பது மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நாற்பத்தொன்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்து மறுபடி அளந்தாள். நாற்பத்தொன்றுதான். செவ்வாய்க்கிழமை நாற்பத்திரண்டு.

அன்று பகல் முழுக்கத் தன்னையே சோதித்துக்கொண்டாள். தேதி சரி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து இரண்டு வரை வந்தாள். பொத்தான்கள் சரியான துளையில் இருந்தன. துணி தளர்ந்ததோ என்று சட்டத்தின் ஆணிகளை அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. அம்மாவும் ஆரம்பத்தில் இப்படித்தான், எல்லாவற்றிலும் தெளிவாக இருந்து ஒன்றில் மட்டும் தவறினாள்.

புதன்கிழமை நாற்பத்து மூன்று. மூன்றாவது முறை.

அக்கா ஸ்கேலைக் கீழே வைத்தாள். கடிதத்தைத் தம்பி எந்த அலமாரியில் வைத்திருக்கிறான் என்பதுவரை யோசித்துவிட்டாள். பிறகு, அம்மாவின் காய்ச்சலைக்கூட இன்னொரு கை தொட்டுப் பார்க்காமல் மருத்துவரிடம் சொன்னதில்லையே என்று தோன்றியது. தம்பி மனைவியைக் கூப்பிட்டாள். எண் எதையும் சொல்லாமல் ஸ்கேலை நீட்டினாள்.

“வால் நுனியிலேருந்து மூக்கு நுனி வரைக்கும் அளந்து சொல்லு.”

“என்ன அண்ணி, எனக்குப் பரீட்சையா?”

“உனக்கில்லை.”

அவள் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, துணி தைப்பவளுக்குரிய கவனத்தோடு அளந்தாள். “ஆயிரத்து இருநூத்தி நாப்பத்து மூணு.” நுனியைப் பிடித்திருந்த விரலை வெடுக்கென்று எடுத்துப் புடவையில் தேய்த்தாள். “அண்ணி, இது சுடுது.”

அக்கா புறங்கையை வைத்துப் பார்த்தாள். வெள்ளை வண்ணத்தின் மேல் மட்டும் சூடு, நல்ல காய்ச்சல் அளவுக்கு. ஒரு விரல் தள்ளி, நீல வானம் சில்லென்று இருந்தது. படம் சாய்ந்திருந்த சுவருக்கு வெயில் ஒருபோதும் வருவதில்லை.

மூளை சரியாக இருக்கிறது என்று மனம் ஒரு கணம் லேசானது. அடுத்த கணம் அதுவும் போயிற்று. நோய் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எப்படிப் படுக்கவைப்பது, எப்போது மாத்திரை கொடுப்பது, கடைசியில் யாருக்குச் சொல்லி அனுப்புவது எல்லாம் தெரியும். இதற்கு என்ன செய்வது?

தம்பி மனைவி படியிறங்கிக்கொண்டே புருஷனிடம், இதை முதலில் வீட்டை விட்டு அனுப்புங்கள் என்று கத்தினாள்.

“படத்தையா, அக்காவையா?” என்றான் அவன்.

அன்று மாலை அக்கா கடிதத்தைக் கேட்டு வாங்கினாள். கிழிக்கவில்லை. ‘மூன்று முறை நான் பிசகினால்’ என்ற இடத்துக்குப் பக்கத்தில், ‘இன்னொருவரும் அளந்து பார்த்த பிறகு’ என்று சேர்த்துத் தேதி போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை தம்பி மனைவி கூப்பிடாமலே மேலே வந்தாள். இருவரும் ஆளுக்கொரு முறை அளந்தார்கள். நாற்பத்து நாலு. கிழவர் கேட்ட நீளம் சரியாக வந்துவிட்டது. சூடு மட்டும் இறங்கவில்லை, நேற்றைவிடக் கூடியிருந்தது.

“நின்னுடுச்சா அண்ணி?”

“நீளுறது நின்னிருக்கும். போறது நின்ன மாதிரி தெரியலை.”

மூக்கு நுனிக்கு எதிரே ஜன்னல் திரை தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதை ஒதுக்கி, சுருட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.